சப்பிரகமுவைத் தேயிலைத் தொழிற்சாலைகளும் மின்சுமைக் கணிப்பும்

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களையும் தன்னகத்தே கொண்டது சப்பிரகமுவ மாகாணம். மாணிக்கத்திற்கும் இறப்பருக்கும் பெயர்போன இம்மாகாணம் தாழ்நாட்டுத் தேயிலைக்கும் பெயர்பெற்றதாகும். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை ஆகிய ஊர்களின் அயலிலே தேயிலைத் தொழிற்சாலைகள் பல உள. அவற்றுட் சில தோட்டங்களுக்குச் சொந்தமானவை. வேறு சில, சிறு நிலக்காரரிடம் பச்சைக் கொழுந்தை விலைக்கு வாங்கித் தேயிலை ஆக்குபவை. இத்தகைய தொழிற்சாலையொன்றின் பொறுப்பாளரை நோக்கி, "இக்கட்டடம் இப்பொழுது சுமக்கும் மின்சுமை எவ்வளவு?" என வினவின், விடை எளிதிற் கிடைப்பதன்று. எந்திரங்களின் தொகை கேட்டால் உடனே கூறுவர். மாதாந்த மின்கட்டணம் கேட்டால் அதனையும் கூறுவர். இவ்விரண்டுமே சுமையைக் கூறிவிடா. சுமை யாது, அதனை எவ்வாறு கணிப்பது, தவறாகக் கணித்தால் விளைவது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கேள்வி எழும் இடங்கள்

புதிய எந்திரமொன்றை வாங்க முற்படும்பொழுது இக்கேள்வி முதற்கண் எழுகின்றது. இப்போதுள்ள நிலைமாற்றியும் வடங்களும் அவ்வெந்திரத்தையும் தாங்குமா என அறிதல் வேண்டும். மின்தடைக் காலத்துக்கென மின்பிறப்பாக்கி ஒன்றை அமைக்கும்பொழுதும் இக்கேள்வியே எழும். கட்டணம் ஏறிய காரணத்தை ஆராயும்பொழுதும் இதற்கு விடை வேண்டும்.

சுமையைக் குறைத்து மதித்தால் வடங்கள் சூடேறும். வடத்திற் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகித சமமாதலின், மின்னோட்டம் நூற்றுக்குப் பத்து மிகுந்தால் வெப்பம் நூற்றுக்கு இருபத்தொன்று மிகும். காப்புறை நாளடைவில் வறண்டு வெடிக்கும். தேயிலைத் தூசும் நாரும் எங்கும் படியும் தொழிற்சாலையில் அதன் முடிவு தீயாதலுங் கூடும். சுமையை மிகுத்து மதித்தாலோ, வேண்டாத நிலைமாற்றிக்கும் வடத்துக்கும் பணம் வீணாகும். கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகளில், விற்பனை விலையை 68க்கு 32 என்ற வீதத்திற் கொழுந்து வழங்குவோருக்கும் தொழிற்சாலைக்கும் பகிரும் முறை இலங்கையில் நன்கறியப்பட்டது. அந்த 32 பங்கினுள்ளேதான் விறகு, மின்சாரம், கூலி, பழுதுபார்த்தல் அனைத்தும் அடங்கவேண்டும். ஆதலின் ஒரு பிழையான கணக்கு, எந்திர அறையோடு நின்றுவிடாது தொழிலாளர் வாழ்வையும் சென்று தொடும்.

நெடுந்தண்டும் தனிமோட்டாரும்

பண்டைத் தேயிலைத் தொழிற்சாலையில் இக்கேள்வி எழவில்லை. நீர்ச்சில்லோ, நீராவி எந்திரமோ, பின்னர் எண்ணெய் எந்திரமோ ஒன்றே இருந்தது. அது கூரையடியில் ஓடிய நெடுந்தண்டு ஒன்றைச் சுழற்றியது. அத்தண்டினின்று தோல்வார்கள் இறங்கி ஒவ்வோர் எந்திரத்தையும் இயக்கின. சுமை மிகுந்தால் எந்திரம் முனகும்; வேகம் குறையும்; வார் வழுக்கும். கண்ணுங் காதும் உள்ள எவரும் சுமையின் மிகுதியை அறிந்தனர்.

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலே இலங்கைப் பொறியியற் சங்கத்தில் நீர்வலுவின் பொருளாதாரப் பயன் பற்றிய கட்டுரையை வாசித்தார். அவர் கண்ட திட்டத்தின் முதற்கட்டமான இலக்சபானா மின்னிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. 1969ஆம் ஆண்டில் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. நாட்டின் மின்வலைப்பின்னல் விரிந்தபொழுது, தோட்டங்கள் தம் ஓடைகளிலே வைத்திருந்த சிறு நீர்ச்சுழலிகள் பலவும் கைவிடப்பட்டன. இரத்தினபுரி மாவட்டத்திலேயே சமனலவௌ மின்னிலையம் 1992இல் எழுந்தது. நெடுந்தண்டு நீங்கி, ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் வந்தது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. ஆயின் சுமை கண்ணுக்கு மறைந்துவிட்டது. மோட்டார்கள் முனகுவதில்லை. இருபது மோட்டாரோடு இருபத்தோராவது மோட்டாரைச் சேர்த்தால் அன்று ஒன்றும் நிகழாது. திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில், மெல்லிய இறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டி பழுதுறும் என்னும் கருத்துண்டு. மின்சுமைக்கு இதனினும் பொருத்தமான உவமை காண்டல் அரிது.

ஒரு நாளின் சுமை

சுமையைக் கணிக்க முற்படுபவர் முதலில் தொழிலை அறிதல் வேண்டும். பறித்த கொழுந்தில் ஏறக்குறைய முக்காற்பங்குக்கு மேல் நீரே உண்டு. நாலரைக் கிலோ அளவான பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். கொழுந்தை வாட்டுதல், உருட்டி அரைத்தல், புளிக்கவைத்தல், உலர்த்தல், சலித்துத் தரம்பிரித்தல் என்பன தொழிலின் படிகளாம்.

முற்காலத்திற் கொழுந்தை மேல்மாடித் தட்டுகளிற் பரப்பி வாட்டினர். பின்னர் நீண்ட தொட்டிகள் வந்தன. தொழிலாளர் இவற்றை 'ட்ரஃப்' என்பர். தொட்டியின் ஒரு முனையில் உள்ள விசிறி கொழுந்தினூடே காற்றைச் செலுத்தும். கொழுந்து பிற்பகலிலே மடுவத்திலிருந்து வந்துசேர, விசிறிகள் இரவு முழுவதும் ஓடும். ஒரு விசிறியின் வலு சிறிதாயினும், ஓடும் நேரம் நெடிதாதலின், மாத முடிவில் நுகர்ந்த மின்னலகுகளிற் பெரும்பங்கு வாட்டுதலுக்கே ஆகும். உருட்டும் எந்திரங்களின் நிலை இதற்கு மாறானது. அவற்றின் மோட்டார்கள் பெரியவை. ஓடும் நேரம் குறுகியது. அவை விடியற்காலையிலே தொடங்கும். சில மணிநேரத்துள் உலர்த்தியும் தொடங்கிவிடும். உலர்த்திக்கு வெப்பம் தருவது விறகே. மின்சாரம் அதன் விசிறியையும் தட்டுச் சங்கிலியையும் மாத்திரமே இயக்கும். முதல்நாள் ஆக்கிய தேயிலையைச் சலிக்கும் வேலை பகலில் நடைபெறும்.

எனவே எல்லா எந்திரங்களும் ஒரே வேளையில் ஓடுவதில்லை. ஆயின் காலை வேளையில், வாட்டுதலின் எச்சமும் உருட்டுதலும் உலர்த்தலும் சலித்தலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து கூடும் ஒரு நேரம் உண்டு. தொழிற்சாலையின் உண்மையான சுமை அந்நேரத்துச் சுமையே.

முதலாம் வழி: பெயர்த்தகட்டுக் கணக்கு

விளக்கத்தின் பொருட்டு ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்து கொள்வோம். அதிற் பத்துத் தொட்டி விசிறிகள், ஒவ்வொன்றும் 5.5 கிலோவாற்று, ஐந்து உருட்டும் எந்திரங்கள், ஒவ்வொன்றும் 15, மூன்று கட்டுடைக்கும் சல்லடைகள், ஒவ்வொன்றும் 2, இரண்டு ரோட்டர்வேன் எந்திரங்கள், ஒவ்வொன்றும் 11, நான்கு ஈரப்பதமூட்டிகள், ஒவ்வொன்றும் 1.5, இரண்டு உலர்த்திகள், ஒவ்வொன்றுக்கும் 15, பன்னிரண்டு சலிக்கும் எந்திரங்கள், ஒவ்வொன்றும் 1.5, நிறம் பிரிக்கும் எந்திரமும் அதற்குரிய காற்றழுத்தியும் சேர்ந்து 18, விளக்கு, அலுவலகம் முதலியன 10. இவற்றைக் கூட்டின் 240 கிலோவாற்று வரும். வலுக்காரணி 0.8 எனின், 240ஐ 0.8ஆல் வகுக்க 300 கே.வீ.ஏ. கிடைக்கும். தொழிற்சாலைக்கு வெளியே நிற்கும் நிலைமாற்றியோ 250 கே.வீ.ஏ. மாத்திரமே. இக்கணக்கை நம்புபவர், "நிலைமாற்றி முன்னமே மிஞ்சிவிட்டது, 400 கே.வீ.ஏ. நிலைமாற்றி வேண்டும்" என முடிவு செய்வர்.

இக்கணக்கில் இரு குறைகள் உள. முதலாவது, பெயர்த்தகடு கூறுவது மோட்டார் தன் தண்டிலே தரவல்ல வலுவையேயன்றி, அது வாங்கும் வலுவை அன்று. முக்காற்பங்கிற்கும் குறைந்த சுமையில் ஓடும் மோட்டார்கள் பல. தண்டுச்சுமை சராசரி 0.66 எனவும், மோட்டாரின் திறன் 0.88 எனவும் கொண்டால், வாங்கும் வலு பெயர்த்தகட்டு வலுவின் 0.75 மடங்காகும். இரண்டாவது, ஒருங்கே ஓடும் எந்திரங்களை மாத்திரமே கூட்டவேண்டும். மேற்கூறிய காலை வேளையில் நான்கு தொட்டி விசிறிகள் 22, நான்கு உருட்டிகள் 60, சல்லடைகள் 6, ரோட்டர்வேன்கள் 22, ஈரப்பதமூட்டிகள் 6, உலர்த்திகள் 30, எட்டுச் சலிப்பு எந்திரங்கள் 12, நிறம் பிரித்தல் 18 எனக் கூட்டின் 176 கிலோவாற்று. அதனை 0.75ஆற் பெருக்க 132. பகல்வேளை விளக்கு முதலியவற்றுக்கு 6 சேர்க்க, 138 கிலோவாற்று. வலுக்காரணி 0.8க்கு இது 172.5 கே.வீ.ஏ. ஆகும். முந்நூறெனத் தோன்றிய சுமை நூற்றெழுபத்து மூன்றளவில் வந்து நின்றமை காண்க.

எனினும் 0.66, 0.88, 0.8 என்பன யாவும் எடுகோள்களே. எடுகோளை நம்பி முதலீடு செய்தல் தகாது. அதனை அளவையாற் சோதித்தல் வேண்டும்.

இரண்டாம் வழி: மானியின் சான்று

பெருந்தொழில்களுக்கு வைக்கப்படும் மின்மானி, நுகர்ந்த அலகுகளை மாத்திரமன்றி உச்சக் கேள்வியையும் பதியும். 15 நிமிடங்களுக்கு ஒருமுறை சராசரிச் சுமையைக் கணித்து, அம்மாதத்து மிகப்பெரிய சராசரியை அது காட்டும். மின்பட்டியலில் கே.வீ.ஏ. என்னும் வரிசையில் அச்சிடப்படுவது இதுவே. பலர் செலுத்தவேண்டிய தொகையை மாத்திரம் நோக்கிப் பட்டியலை மடித்து வைத்துவிடுகின்றனர். பன்னிரண்டு மாதப் பட்டியல்களை அடுக்கி அவ்வரிசையை நோக்கினால், தொழிற்சாலையின் சுமை வரலாறு முழுவதும் அங்கே எழுதப்பட்டிருக்கும். நம் கற்பனைத் தொழிற்சாலையில் மிகக் குறைந்த மாதம் 118, மிகக் கூடிய மாதம் 165 எனக் கொள்வோம். முதல் வழியிற் பெற்ற 172.5க்கும் இந்த 165க்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஐந்திற்கும் குறைவே. இரு வேறு வழிகளிற் சென்று ஒரே இடத்தை அடைவோமாயின், கணக்கு நம்பத்தக்கது என்க.

பன்னிரண்டு மாதமும் வேண்டுமோ எனின், வேண்டும். சப்பிரகமுவையின் மழை தென்மேற்குப் பருவக்காற்றோடு தொடர்புடையது. நல்ல மழையை அடுத்துக் கொழுந்து பெருகும், வறட்சியிற் குறையும். மழைநாட் கொழுந்து மேற்பரப்பிலும் நீரை ஏந்தி வருதலால் விசிறிகள் மேலும் நெடுநேரம் ஓடவேண்டும். வறண்ட மாதமொன்றில் எடுத்த அளவையைக்கொண்டு ஆண்டு முழுவதையும் மதித்தல், கோடையில் ஆற்றின் ஆழத்தை அளந்து பாலம் கட்டுவதை ஒக்கும்.

மின்னலகுகளும் ஒரு சோதனை தரும். மாதம் 60,000 கிலோ தேயிலை ஆக்கி 40,000 அலகுகள் நுகர்ந்தால், கிலோ ஒன்றுக்கு 0.67 அலகு. மாதத்தின் 720 மணிநேரத்தால் வகுக்கச் சராசரி வலு 55.6 கிலோவாற்று. உச்சம் 132 கிலோவாற்று எனின், சராசரி உச்சத்தின் நூற்றுக்கு 42 பங்கே. இடைவெளி இவ்வளவு பெரிதாதலின், சராசரியைக்கொண்டு வடத்தின் பருமனைத் தெரிதல் பெருந்தவறாகும்.

மூன்றாம் வழி: நேர் அளவை

கவ்வுமானியை வடத்தைச் சுற்றிப் பிடித்தால் மின்னோட்டத்தை அறியலாம். மூன்று அவத்தைகளையும் தனித்தனி அளத்தல் வேண்டும். விளக்குகளும் சிறு கருவிகளும் ஒரே அவத்தையிற் குவிந்திருத்தல் கூடும். இலங்கையில் மூவவத்தை மின்னழுத்தம் 400 வோல்ற்று ஆதலின், மூன்றின் வர்க்கமூலமாகிய 1.732ஐ 400ஆற் பெருக்க 693 வரும். ஆகவே, சமநிலையில் 180 அம்பியர் ஓடினால் சுமை ஏறக்குறைய 125 கே.வீ.ஏ.; வலுக்காரணி 0.8 எனின் 100 கிலோவாற்று. உயர்நிலை வகுப்பு மாணவர் கற்கும் பௌதிகமே இங்குப் பயன்படுகின்றது.

கவ்வுமானி இல்லாவிடினும் வழியுண்டு. பழைய மானியிற் சுழலும் தட்டினை நோக்குக. அலகொன்றுக்கு 150 சுற்று என மானியில் எழுதப்பட்டிருக்கிறது; மின்னோட்ட மாற்றியின் விகிதம் 300க்கு 5, அதாவது 60; மானியின் வாசிப்பில் இவ்விகிதம் சேர்க்கப்படவில்லை எனக் கொள்வோம். தட்டு 10 சுற்றுச் சுற்ற 108 விநாடி எடுத்தால், 10ஐ 150ஆல் வகுத்து 60ஆற் பெருக்க 4 அலகுகள். 3,600 விநாடி கொண்ட மணிநேரத்துக்கு இது 133 கிலோவாற்று ஆகும். இலத்திரனியல் மானிகளில் தட்டுக்குப் பதிலாகச் சிறு விளக்கொன்று மின்னும். கணக்கு முறை ஒன்றே. ஒரு கைக்கடிகாரமும் ஒரு தாளும் இருந்தால் இவ்வளவையை எவரும் செய்யலாம்.

நேர் அளவையின் குறை யாதெனின், அது அளந்த கணத்தை மாத்திரமே அறியும். எனவே மணிக்கொருமுறை குறித்தோ, தானே பதியும் கருவியை வைத்தோ, நாள் முழுவதும் அளத்தல் வேண்டும்.

புதிய சுமைக்கு இடமுண்டா?

இப்போதுள்ள சுமையை அறிந்தபின் புதியதைச் சேர்ப்பதற்கு ஒரு விதி வேண்டும். அமெரிக்க நாட்டின் தேசிய மின்விதித் தொகுப்பு இதற்கொரு நெறி வகுத்துள்ளது. ஓராண்டின் உச்சக் கேள்வியை 1.25ஆற் பெருக்கி, அதனோடு புதிய சுமையைக் கூட்டவேண்டும். அக்கூட்டுத்தொகை வடத்தின் தாங்கும் அளவை மிஞ்சலாகாது. ஓராண்டுப் பதிவு இல்லாவிடின், 30 நாள் இடைவிடாது பதிந்த அளவையைப் பருவ வேறுபாட்டுக்கேற்பத் திருத்திக் கொள்ளலாம். இலங்கையில் மின்பொறியியலாளர் பிரித்தானியக் கம்பியிடல் விதிகளையே பின்பற்றி வந்துள்ளனர். எனினும் இந்நெறி எந்நாட்டுக்கும் பொருந்தும் பகுத்தறிவு நெறியாகும்.

நம் தொழிற்சாலையில் 165ஐ 1.25ஆற் பெருக்க ஏறக்குறைய 206 கே.வீ.ஏ. புதிதாக இரண்டு தொட்டி விசிறிகளுக்கு 10, பிள்ளைக் காம்பராவுக்கும் மருந்தகத்துக்கும் வழிவிளக்குகளுக்கும் 6, ஆக 16. மொத்தம் 222. நிலைமாற்றி 250. எனவே இடமுண்டு. பெயர்த்தகட்டை மாத்திரம் கூட்டியவர், "பிள்ளைக் காம்பராவுக்கு விளக்குப்போட மின்சாரம் போதாது" எனக் கூறியிருப்பார். நிலைமாற்றி 160 கே.வீ.ஏ. ஆக இருந்திருப்பின் முடிவு நேர்மாறானது. ஒரு விளக்கும் சேர்க்காமலே அது மிஞ்சிய சுமையில் நின்றிருக்கும். சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியிலே தங்கியிருத்தல்போல, முதன்மை வடமும் ஆளியும் உருகியும் இவ்வாறே தனித்தனி சோதிக்கப்படல் வேண்டும். 250 கே.வீ.ஏ. என்பது 361 அம்பியர். அவ்வளவைத் தாங்காத வடத்துக்கு நிலைமாற்றியின் பெருமையாற் பயனில்லை.

இடம் போதாத விடத்தும் உடனே பணம் செலவிடல் வேண்டியதில்லை. கொள்ளளவிகளை இணைத்து வலுக்காரணியை 0.8இலிருந்து 0.95க்கு உயர்த்தினால், 138 கிலோவாற்றுச் சுமை 172.5இலிருந்து 145 கே.வீ.ஏ. அளவுக்கு இறங்கும். சலிப்பு வேலையை உருட்டும் நேரத்தினின்று விலக்கி வைத்தல் செலவற்ற வேறொரு வழி. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள நேரத்தை உச்சநேரமாகக் கொண்டு கூடிய கட்டணம் விதிக்கும் முறையையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மின்தடைக் காலம்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்வறிவின் தேவையை நாடறியச் செய்தது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்தடை நிலவிற்று, டீசலும் கிடைத்தற்கரிதாயிற்று. தொட்டியிற் கிடக்கும் கொழுந்து மின்சாரத்துக்காகக் காத்திராது. காற்றோட்டம் நின்றால் அது வெப்பமேறிச் சிவந்து பழுதாகும்.

நம் தொழிற்சாலையில் 100 கே.வீ.ஏ. மின்பிறப்பாக்கி ஒன்று உளதெனக் கொள்க. பத்துத் தொட்டி விசிறிகளுக்கு ஏறக்குறைய 52, உலர்த்திகளுக்கு 28, ஆக 80 கே.வீ.ஏ. எஞ்சியது 20. ஓர் உருட்டி 14 வாங்கும். எனவே ஒருவேளையில் ஓர் உருட்டியே ஓடலாம். மோட்டார் தொடங்கும் கணத்தில், ஓடும் மின்னோட்டத்தின் ஏறக்குறைய ஆறு மடங்கை வாங்கும் என்பதையும் மறத்தலாகாது. 15 நிமிடச் சராசரி இதனைக் காட்டாது. மின்பிறப்பாக்கியோ இதனை நன்கறியும். விண்மீன் முக்கோணத் தொடக்கி, தொடக்க மின்னோட்டத்தை மூன்றிலொன்றாக்கும். பெரிய மோட்டாரை முதலிலும் சிறியவற்றைப் பின்னரும் ஒவ்வொன்றாகத் தொடக்குதல் நன்று. எந்தச் சுமை எவ்வளவு என்னும் பட்டியல் முன்னமே எழுதி மின்பலகையருகே தொங்குமாயின், இருளில் நிற்கும் தொழிலாளிக்கும் செய்வது இன்னதென விளங்கும். அது இல்லாதவிடத்து, எல்லா ஆளிகளையும் ஒருங்கே இட்டு மின்பிறப்பாக்கியை நிறுத்துவதும், மீண்டும் இடுவதுமாகக் காலமும் டீசலும் கழியும்.

முடிவுரை

பெயர்த்தகடு எந்திரத்தின் ஆற்றலைக் கூறும். மானி தொழிற்சாலையின் பழக்கத்தைக் கூறும். நேர் அளவை இக்கணத்தின் உண்மையைக் கூறும். ஒன்றை நம்பி ஏனையவற்றைக் கைவிடுதல் தவறு. மூன்றும் ஒத்தால் முடிவு செய்யலாம். ஒவ்வாவிடின், ஒவ்வாமைக்குக் காரணம் காணும்வரை முடிவை நிறுத்தி வைத்தல் வேண்டும். வார் இறுகிய விசிறி, தேய்ந்த தாங்கி, எவரும் அறியாது இணைக்கப்பட்ட கம்பி முதலியவை அவ்வொவ்வாமையினாலேயே வெளிப்படும்.

இவ்வறிவுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பன்னிரண்டு மின்பட்டியல்களும், ஒரு கவ்வுமானியும், எந்திரங்களின் பெயர்த்தகடுகளைத் துடைத்து வாசிக்கும் பொறுமையுமே வேண்டுவன. தோட்டப் பாடசாலைகளிற் கற்று உயர்தர வகுப்புக்கு வரும் மாணவர் பலர், தம் பெற்றோர் உழைக்கும் தொழிற்சாலையைத் தினமும் கடந்து செல்பவர்கள். ஓமின் விதியையும் மூவவத்தைச் சூத்திரத்தையும் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் அவர்களுக்கு, அச்சூத்திரங்கள் அக்கட்டடத்தினுள்ளே இரவும் பகலும் தொழிற்படுகின்றன என்பதை ஆசிரியர் காட்டுதல் வேண்டும். காட்டினால், நாளை அத்தொழிற்சாலையின் மின்பலகையருகே நின்று அதன் சுமையைச் சரிவரக் கூறுபவர் அத்தோட்டத்துப் பிள்ளையாகவே இருத்தல் கூடும்.